மூன்றாவது கேள்வி

நவம்பர் 25, திங்கள்

கூட்டத்தொடரின் முதல் நாள். பதினோரு மணிக்கு உட்கார்ந்தோம். பதினொன்று பத்துக்கு எழுந்தோம். இரண்டு பக்கமும் கத்தினார்கள், அவையை ஒத்திவைத்துவிட்டார்கள். இதற்காக நேற்று இருட்டோடு எழுந்து கோயம்புத்தூர் போய் விமானம் பிடித்தேன். தென்னையில் வெள்ளை ஈ பற்றிப் பேச இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தது பையிலேயே கிடக்கிறது. தோப்புத் தோப்பாக ஓலை கருத்து நிற்கிறது. இங்கே ஒருவருக்கும் தேங்காய் மரத்தில் காய்க்கிறதா கொடியில் காய்க்கிறதா என்று தெரியாது.

ஒரே நல்ல செய்தி இம்மானுவேல் கொண்டுவந்தார். எனக்கு முன்னால் மூன்று எம்.பி.க்களிடம் உதவியாளராக இருந்தவர். எதற்கும் பதறமாட்டார். பல நாள் அதுவே எனக்கு எரிச்சல்.

"மேடம், காரைவலசு கேள்வி குலுக்கல்ல விழுந்திருக்கு. டிசம்பர் அஞ்சு, வியாழன். மூணாவது கேள்வி."

மூன்றாவது என்றால் கட்டாயம் கூப்பிடுவார்கள். அமைச்சர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். நான் இரண்டு துணைக்கேள்வி கேட்கலாம். ஐந்தரை வருடத்தில் என் கேள்வி எதுவும் முதல் பத்துக்குள் வந்ததில்லை.

காரைவலசை பைபாஸ் இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டது. வீடுகள் கிழக்கே. பஸ் நிற்கும் இடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எல்லாம் மேற்கே. முதலில் போட்ட வரைபடத்தில் ஊருக்கு நேராகச் சுரங்கப்பாதை இருந்தது. கட்டியது ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. இரண்டு வருடத்தில் ரோட்டைக் கடக்கும்போது நான்கு பேர் செத்திருக்கிறார்கள். கடைசியாகப் போன மாதம் மயிலாத்தாள், சத்துணவு சமைக்கிறவள். துக்கத்துக்குப் போனபோது அவள் மகள் கலாமணி அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அந்த சப்வே எங்க ஊருக்குன்னுதானுங்க வந்துச்சு. யாருங்க மாத்துனது?"

"பார்லிமெண்ட்ல கேக்கறேன் கண்ணு. அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். கூட்டம் முழுக்கக் கேட்டது.

கேட்கத்தான் போகிறேன்.

நவம்பர் 27, புதன்

கேள்வி நேரம் முடிந்து வரும் பூஜ்ய நேரத்தில் வெள்ளை ஈ பற்றிப் பேச இரண்டு நிமிடம் கிடைத்தது. ஒன்றேகால் நிமிடத்தில் மணி அடித்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் தன் தலைவரைப் புகழ்ந்து நான்கு நிமிடம் ஓட்டினார், அவருக்கு மணி இல்லை. "ஐயா, தென்னை விவசாயிக்கும் அதே கடிகாரம்தான்" என்றேன். மொழிபெயர்ப்பில் கேட்ட இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

நவம்பர் 28, வியாழன்

தம்பி தண்டபாணி போன் செய்தான்.

"அக்கா, அந்த பைபாஸ் கேள்வி எதுக்கு இப்ப?"

"எதுக்குன்னா? நாலு பேரு செத்திருக்காங்க."

"அதில்லக்கா. முடிஞ்சு போன வேலை. கிளறி என்ன ஆகப்போகுது?"

"நான் என்ன கேக்கணும்னு நீ சொல்லாத. பள்ளிக்கூடத்த நடத்து."

"சரி. பாத்துக்க" என்று வைத்துவிட்டான்.

அந்தச் சுரங்கப்பாதை இப்போது இருப்பது அவன் பள்ளிக்கூட வாசலில். அங்கே எண்ணூறு பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களும் பாதுகாப்பாகப் போய்வர வேண்டும்தானே. அதை யாரும் குறை சொல்ல முடியாது. நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் மண்ணைப் பார்த்திருப்பார்கள், மட்டம் பார்த்திருப்பார்கள். எதைப் பார்த்தார்கள் என்பதைத்தான் அமைச்சர் சொல்லட்டும்.

டிசம்பர் 2, திங்கள்

கிராமத்து ஆஸ்பத்திரிகள் பற்றிய விவாதம். கட்சிக்குக் கிடைத்த பதினாறு நிமிடத்தில் எனக்கு நான்கு. என் தொகுதியில் ஒன்பது ஆரம்ப சுகாதார நிலையம், ஐந்தில் இரவு டாக்டர் இல்லை. போன ஆடியில் ஒரு பெண்ணுக்கு ஆம்புலன்சிலேயே பிரசவம் ஆனது, பிள்ளை தங்கவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர் பக்கத்து சீட்காரரிடம் போனில் ஏதோ காட்டிச் சிரித்தார். நான் பேச்சை நிறுத்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்கும் வரைக்கும் நின்றேன். என் நேரத்தில் அரை நிமிடம் போனது. போகட்டும்.

வெளியே வந்ததும் எங்கள் கட்சி அவைக்குழுத் தலைவர், "அம்மா, கோபத்தைக் கொஞ்சம் கொறச்சுக்கங்க. டிவியில நல்லா இல்ல" என்றார். பிள்ளை செத்ததை எந்த முகத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும் என்று கேட்டேன். நடந்துவிட்டார்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெந்நீர் வரவில்லை. மூன்று முறை சொல்லியாகிவிட்டது. நான்கு சேலை துவைத்துப் போட்டேன், இந்தக் குளிருக்கு ஒன்றும் காயவில்லை.

டிசம்பர் 4, புதன்

துணைக்கேள்விகளைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ஒன்று: இடத்தை மாற்றச் சொன்ன அதிகாரி யார், அவர் மீது நடவடிக்கை உண்டா. இரண்டு: காரைவலசில் புதிதாகச் சுரங்கப்பாதை எப்போது. இரண்டையும் நாற்பது விநாடிக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

சாயந்தரம் கலாமணி கூப்பிட்டாள். பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"அம்மா, நாளைக்கு எத்தன மணிக்குங்க வரும்?"

"பதினொன்னரை வாக்குல வரும் கண்ணு."

"டீக்கடை டிவியில போடச் சொல்லியிருக்கறோம்ங்க. வேலைக்கிப் போறவங்ககூட நின்னு பாத்துட்டுப் போறம்னு இருக்காங்க. எங்க ஊரு பேர சொல்லுவீங்கள்ல?"

"மொதல்ல அதைத்தான் சொல்லுவேன்" என்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

காலையிலிருந்து தலைவலி. அவைக்குப் போகவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

டீ கொண்டுவந்தவனைத் திட்டினேன். வெந்நீர்க் குழாய் பார்க்க வந்தவனைத் திட்டினேன். இன்று பயிர்க் காப்பீட்டு மசோதாவில் பேச என் பெயர் இருந்தது, வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இந்த அவையில் பேசி என்ன ஆகிறது? வெறும் சுவர். ரயில் நிறுத்தத்துக்குப் பதினோரு கடிதம் எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. நூலகக் கட்டடத்துக்கு ஏழு. யானை வேலிக்கு எத்தனை என்று எனக்கே தெரியாது. எம்.பி.யின் கடிதத்துக்கு இவர்கள் கொடுக்கிற மரியாதை அவ்வளவுதான்.

மத்தியானம் கலாமணி கூப்பிட்டாள். இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன்.

"பதினொன்னு இருவத்தஞ்சுக்கு உங்க பேரக் கூப்பிட்டாங்கம்மா. ரெண்டு தடவ கூப்பிட்டாங்க. உங்க சீட்டக் காமிச்சாங்க, காலியா இருந்துச்சு."

"ஒடம்பு சரியில்ல கண்ணு."

"அப்படிங்களா. பதில்ல என்னதானுங்க எழுதியிருக்காங்க?"

"இன்னும் பாக்கல."

"பாத்துட்டு சொல்லுங்க" என்றாள்.

பக்கத்தில் இம்மானுவேல் நின்றுகொண்டிருந்தார். போனை வைத்ததும், "மேடம், அது வெப்சைட்ல ஏறியாச்சு. யார் வேணும்னாலும் பாக்கலாம்" என்றார். எப்போதும் போலவே, ஒரு பதற்றமும் இல்லாமல். என் ரூமைவிட்டு வெளியே போகச் சொன்னேன். இருபது வருடம் இந்த வேலை பார்த்த மனுஷனை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

டிசம்பர் 7, சனி

விமானத்தில் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை எனக்குத் தலைவலி இல்லை. பத்தரை மணிக்கு நாடாளுமன்றம் போனேன். கேள்வி கேட்டவருக்கு அரை மணி நேரம் முன்னால் பதில் நகலைக் கொடுப்பார்கள். வாங்கித் தாழ்வாரத்தில் நின்று படித்தேன். அப்படியே திரும்பி வண்டி ஏறிவிட்டேன். தலைவலி என்று இந்த நோட்டில்கூட எழுதினேன். யாருமே படிக்காத இதற்கும் ஒரு பொய்.

பதில் இது: "முதலில் காரைவலசு அருகே திட்டமிடப்பட்ட சுரங்கப்பாதை, அத்தொகுதியின் மாண்புமிகு மக்களவை உறுப்பினர் அனுப்பிய கடிதத்தின் பேரில், பள்ளி மாணவர்களின் நலன் கருதி, 1.6 கிலோமீட்டர் தெற்கே மாற்றியமைக்கப்பட்டது."

அடுத்து என் கடிதத்தின் தேதி. நான் கேட்ட கேள்விக்கு என் பெயரையே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று வருடம் இருக்கும். தண்டபாணி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து. சாப்பிட்டு எழுந்ததும் என் லெட்டர்பேடைக் கேட்டான். தட்டச்சு செய்து கொண்டுவந்தான். பிள்ளைகள் பாதுகாப்பு என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். நான் ஒரு நாளைக்கு முப்பது கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவள். அது எந்த ஊருக்கு வந்த சுரங்கப்பாதை என்று எனக்குத் தெரியாது.

எழுதிய கடிதம் நூற்றுக்கணக்கில் இருக்கும். அத்தனையும் குப்பைக்குப் போனது. இந்த ஒன்றை மட்டும் ஏன் இவ்வளவு ஒழுங்காகப் படித்துத் தொலைத்தார்கள்?

டிசம்பர் 8, ஞாயிறு

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். விடுமுறை. சுரங்கப்பாதைக்குள் பள்ளி வேன்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்பது வேன். உள்ளே நல்ல நிழல். ஒரு டிரைவர் பாய் விரித்துப் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"பிள்ளைங்க இதுல நடந்து வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"நடந்தா? இல்லீங்க, எல்லாம் வேன்லதானுங்க. இது வண்டி திரும்பறதுக்கு."

தண்டபாணி வந்தான். நாற்காலி போடச் சொன்னான். நான் உட்காரவில்லை.

"எண்ணூறு பிள்ளைங்கன்னு சொன்னியே. ஒரு பிள்ளைகூட இதுல நடக்கறதில்ல."

"வேன் சுத்திட்டு வரணும்னா அஞ்சு கிலோமீட்டர்க்கா. டீசல் இருக்குது, நேரம் இருக்குது. பெத்தவங்க பாதிப்பேரு வேற பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பாங்க."

"நாலு பேரு செத்துட்டாங்கடா."

"நான் வண்டிய உட்டு ஏத்துனனா?" குரலை உயர்த்தவில்லை. "நான் கேட்டேன். நீ கையெழுத்துப் போட்ட. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்ப வந்து எம்மேல எரிஞ்சு உழுந்தா?"

அவனை அடிக்கக் கை வந்தது. ஐம்பத்தொரு வயதுக்காரன், பேரன் எடுத்தவன். கையை மடக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காரைவலசுக்குப் போகவில்லை. நேரமில்லை.

நேரம் இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

டெல்லி. அவைக்குழுத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டார். பதிலைப் படித்திருக்கிறார்.

"இதை யாரும்மா படிக்கப் போறாங்க? ஒரு நாளைக்கு இருநூத்தம்பது பதில் வருது. நீங்களா வாயத் திறக்காம இருந்தா ரெண்டு வாரத்துல மறந்துரும். அடுத்த வாரம் ஜவுளி விவாதம் வருது, உங்களுக்கு எட்டு நிமிஷம் வாங்கித் தர்றேன்."

எட்டு நிமிடம். இதுவரைக்கும் யாரும் எனக்கு எட்டு நிமிடம் கொடுத்ததில்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே வந்து இம்மானுவேலிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மேடம்" என்றார். அப்புறம், கேட்கலாமா என்று தயங்கி, "இடத்த மாத்தினப்ப ஊர்லருந்து மனு ஏதாவது வந்துச்சா மேடம்? பைல்ல தேடினேன். இங்க எதுவும் இல்ல" என்றார்.

"தெரியாது" என்றேன்.

டிசம்பர் 11, புதன்

நாளைக்குப் பூஜ்ய நேரத்துக்கு நோட்டீஸ் கொடுத்தேன். தலைப்பு: காரைவலசில் சுரங்கப்பாதை அமைக்கக் கோருதல். குலுக்கலில் பத்தொன்பதாவது வந்திருக்கிறது. கூப்பிட்டால் கூப்பிடட்டும்.

ஜவுளி எட்டு நிமிடம் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கூப்பிட்டார்கள். அவையில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். பாதிப்பேர் சாப்பிடப் போக எழுந்துகொண்டிருந்தார்கள்.

எழுதி வைத்ததைப் படிக்கவில்லை. பெயர்களைச் சொன்னேன். பழனியப்பன், எழுபத்தொன்று. முத்தான், நாற்பது. திவ்யபாரதி, பதினேழு. மயிலாத்தாள், ஐம்பத்திரண்டு. எல்லோரும் காரைவலசு. எல்லோரும் ரோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகப் பார்த்தவர்கள்.

பிறகு சொன்னேன்: "போன வாரம் துறையிடம் நான் கேட்டேன், சுரங்கப்பாதையை யார் மாற்றியது என்று. பதில் வந்திருக்கிறது. மாற்றியது என் கடிதம். பதில் கையில் கிடைத்ததும் அவைக்கு வராமல் வீட்டுக்கு ஓடிவிட்டேன். பள்ளி மாணவர்களின் நலன் என்று அதில் எழுதியிருந்தேன். அது என் சொந்தத் தம்பியின் பள்ளி. அங்கே ஒரு மாணவர்கூட நடந்து வருவதில்லை."

எழுந்து போய்க்கொண்டிருந்த சிலர் நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் இந்தியில் என்னவோ கத்தினார். ராஜினாமா செய் என்றாராம், பிறகு இம்மானுவேல் சொன்னார். மணி அடித்தது.

"ஐயா, முடித்துவிடுகிறேன். இடத்தை மாற்றாதீர்கள் என்று அந்த ஊர் மக்கள் நாற்பது பேர் என் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுத்தார்கள். மயிலாத்தாளும் வந்திருந்தார். துறைக்கு அனுப்புகிறேன் என்று நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அனுப்பவில்லை. துறைக்கு அப்படி ஒரு மனு இருப்பதே தெரியாது. என் மேஜையோடு நின்றுவிட்டது. அந்த ஊருக்குச் சுரங்கப்பாதை வேண்டும். என் மீது என்ன நடவடிக்கை எடுப்பதானாலும் எடுங்கள். அதற்காகக் கட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்."

மைக் அணைந்துவிட்டது. கடைசி வாக்கியம் பதிவில் ஏறியதா தெரியவில்லை. அடுத்த உறுப்பினரைக் கூப்பிட்டார்கள். அவர் தன் ஊர் விமான நிலையத்தைப் பற்றிப் பேசினார்.

மூன்று மணிக்குக் கட்சியிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. தண்டபாணி போன் செய்யவில்லை. அவன் மனைவி செய்தாள். "குடும்பத்துப் பேர டெல்லி வரைக்கும் கொண்டுபோயிட்டீங்களே அண்ணி" என்று அழுதாள். கலாமணியின் போன் வரவில்லை.

கோபம் தீரவில்லை. பேசினால் தீரும் என்று நினைத்திருந்தேன் போல.

டிசம்பர் 14, சனி

காரைவலசு. டிரைவரை மேற்குப் பக்கம் ஆஸ்பத்திரி முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன். வண்டியோடு போனால் பள்ளிக்கூடத்துச் சுரங்கப்பாதை வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும்.

கலாமணி பஸ் நிற்கும் இடத்தில் ரேஷன் பையோடு நின்றிருந்தாள். இன்னும் நான்கைந்து பெண்கள். யாரும் வணக்கம் சொல்லவில்லை. ஒருத்தி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள்.

"நீ பாத்தியா கண்ணு?" என்றேன்.

"பாத்தனுங்க." ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். "அந்த மனுவ எங்கம்மாதானுங்க எழுதச் சொல்லி ஊடு ஊடா கையெழுத்து வாங்குச்சு. கைநாட்டு வெக்கறவங்களுக்கு மை டப்பா எடுத்துட்டுப் போச்சு. எம்பி அம்மா வாங்கிட்டாங்க, இனி பயமில்லன்னு வந்து சொல்லுச்சு."

பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எழவுக்கு வந்தீங்கள்ல, அப்பவே தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியும்" என்றேன். "தெரியாத மாதிரி வெச்சிருந்தேன்."

தலையை ஆட்டினாள். மன்னித்த மாதிரி இல்லை. கணக்கு வாத்தியார் விடையைச் சரிபார்க்கிற மாதிரி.

"இப்பப் பேசிட்டீங்க. எப்பங்க கட்டுவாங்க?"

"துறையில கேட்டேன். மறுபடி அளக்கணும், அனுமதி வாங்கணும். ரெண்டு வருஷம் ஆகும்கறாங்க."

"ரெண்டு வருஷம்" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னாள். திரும்பி நின்றவள், "அதுக்குள்ள இன்னும் யாராருன்னு பேரெழுதி வெச்சுக்கச் சொல்லு" என்றாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

ரேஷன் பைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டு ஓரத்துக்கு வந்தார்கள். நானும் வந்தேன். இந்த ரோட்டில் நூறு முறை காரில் போயிருக்கிறேன். ஓரத்தில் நின்றது இன்றுதான். லாரி போகும்போது காற்று ஆளைப் பின்னுக்குத் தள்ளுகிறது. எது தூரத்தில் வருகிறது, எது பக்கத்தில் வருகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. இரண்டு முறை காலை வைத்தேன், இரண்டு முறையும் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒரு வேன்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். ஐம்பத்தேழு வயதில் ரோட்டில் நின்று திட்டு வாங்கினேன். அவனைத் திருப்பித் திட்டத் தோன்றவில்லை.

மற்ற பெண்கள் ஓடி நடுத்திட்டுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் இந்தப் பக்கம். கலாமணியும் நின்றாள். எனக்காகவா, வண்டிக்காகவா என்று தெரியவில்லை.

பையை இடது கைக்கு மாற்றினாள். வலது கையால் என் முழங்கைக்கு மேலே பிடித்தாள். இறுக்கமான பிடி, வலித்தது.

"நான் சொல்லும்போது வாங்க. நடுவுல நிக்கக் கூடாது. திரும்பிப் பாக்கக் கூடாது."

ஒரு டேங்கர், இரண்டு கார், ஒரு பஸ்.

"இப்ப."

ஓடினோம். நடுத்திட்டில் மூச்சு வாங்கினேன். அவள் பிடியை விடவில்லை. மறுபாதியிலும் அப்படியே இழுத்துக்கொண்டு போனாள். கிழக்குப் பக்கம் மண்ணில் கால் பட்டதும் கையை விட்டாள். பையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு மற்றவர்களுக்குப் பின்னால் நடந்தாள்.

என் கார் மேற்கே நின்றது. டிரைவர் அங்கிருந்து கையை ஆட்டினான், சுற்றிக்கொண்டு வரவா என்று. வேண்டாம் என்று ஆட்டினேன். பிறகு எப்படித் திரும்பிப் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.